மூடி உப்பிய சுக்கா பாட்டில்: கொதிக்க வைத்துச் சாப்பிடலாமா?

கேள்வி: தேவகோட்டையில் இருக்கிறேன். மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். அவனுக்குக் கொடுத்துவிட மட்டன் சுக்கா, பூண்டுத் தொக்கு, தக்காளித் தொக்கு மூன்றும் செய்தேன். வீடியோவில் சொன்னபடி காபித்தூள் வந்த கண்ணாடி பாட்டில்களைச் சுடுதண்ணீரில் கழுவி, சூடாக அடைத்து, மேலே நல்லெண்ணெய் நிற்க ஊற்றி, குக்கரில் 20 நிமிடம் வைத்து எடுத்தேன். 12 நாளில் சுக்கா பாட்டில்களில் இரண்டின் மூடி உப்பிவிட்டது. ஒன்றைத் திறந்தபோது புஸ்ஸென்று காற்று வந்தது. வாசம் நன்றாகத்தான் இருக்கிறது. மற்ற நான்கும் உப்பவில்லை. நன்றாகக் கொதிக்க வைத்துச் சாப்பிடலாமா? என் மாமியார் காலத்தில் ஜாடி ஊறுகாய் வருஷக்கணக்கில் கெடாமல் இருந்ததே, இது மட்டும் ஏன் இப்படி? இதையே விற்கவும் யோசனை இருக்கிறது.

பதில்: ஆச்சி, முதலில் ஒன்று. அந்தச் சுக்காவை யாரும் நாக்கில்கூட வைக்க வேண்டாம். உப்பிய இரண்டு மட்டுமல்ல, உப்பாத நான்கும் வேண்டாம். பூண்டுத் தொக்கும் அதே முறையில் அடைத்தது என்றால் அதுவும் போக வேண்டியதுதான். தக்காளித் தொக்கு புளிப்புள்ளது என்றாலும், வெங்காயமும் பூண்டும் எவ்வளவு சேர்த்தீர்கள் என்பது தெரியாமல் அதற்கு நற்சான்று தர முடியாது. 12 நாள் வெளியில் இருந்ததால் அதையும் விட்டுவிடுங்கள்.

கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமிதான் இங்கே பயம். மண்ணில் சாதாரணமாக இருப்பது. இஞ்சி, பூண்டு, மிளகாய், கறி என்று எதோடும் வீட்டுக்குள் வந்துவிடும். காற்றுப்படும் இடத்தில் இது வளராது, வித்தாகச் சும்மா கிடக்கும். காற்றில்லாத, ஈரமுள்ள, புளிப்பில்லாத, வெதுவெதுப்பான இடம் கிடைத்தால் முளைத்து, நரம்பை முடக்கும் நஞ்சைச் சுரக்கும். சுக்கா பாட்டிலுக்குள் நீங்கள் அமைத்துக் கொடுத்தது அந்த இடத்தைத்தான். சூடாக அடைத்ததில் காற்று போயிற்று, எண்ணெய் மிச்சக் காற்றையும் தடுத்தது. சித்திரை, வைகாசியில் நம் பக்கத்து அடுப்படி இருக்கும் சூடு அதற்கு மிகவும் பிடித்த சூடு.

வாசத்தை நம்புவதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். சில வகைக் கிருமிகள் வாயு விட்டு மூடியை உப்ப வைக்கும், நாற்றமும் வரும். சில வகைகள் எந்த அடையாளமும் காட்டாது. கறி ஊசிப்போனால் மூக்குக்குத் தெரியும், இந்த நஞ்சு மூக்குக்குத் தெரியாது. அதனால்தான் உப்பாத நான்கையும் சேர்த்துச் சொன்னேன். ஆறும் ஒரே கறி, ஒரே சட்டி, ஒரே குக்கர்.

கொதிக்க வைத்தால் நஞ்சு அழியாதா என்று கேட்பது நியாயமான கேள்வி. நஞ்சு சூட்டில் அழியும், 85 டிகிரியில் 5 நிமிடம் போதும். ஆனால் அந்தச் சூடு கட்டியான சுக்காவின் ஒவ்வொரு துண்டுக்குள்ளும் போய்ச் சேர வேண்டும். அதோடு கிளறுவதும் கரண்டியை வழிப்பதும் உப்பு பார்ப்பதும் சூடு ஏறுவதற்கு முன்பே நடக்கும். முறையாகப் பதப்படுத்திய உணவை மேலும் ஒரு காவலுக்காக 10 நிமிடம் கொதிக்க வைப்பது நல்ல பழக்கம். மூடி உப்பியதை மீட்க அது வழியல்ல.

எப்படி அப்புறப்படுத்துவது? திறக்காத பாட்டில்களைத் திறக்காமலே கையுறை போட்டு எடுத்து, கெட்டியான பிளாஸ்டிக் பைகள் இரண்டில் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டுக் கட்டி, நாயும் கோழியும் கிளறாத இடத்தில் ஆழமாகப் புதைத்துவிடுங்கள், அல்லது குப்பையில் சேருங்கள். கொல்லையில் கொட்டி விடாதீர்கள், ஆடு மாட்டுக்கும் இது ஆகாது. திறந்த பாட்டிலைக் கவனமாகக் கையாள வேண்டும். அதையும் மூடியையும் ஒரு பெரிய பாத்திரத்தில் படுக்க வைத்து, ஓர் அங்குலம் மேலே நிற்கும்படி தெறிக்காமல் தண்ணீர் ஊற்றி, மூடி, 30 நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியபின் எறியுங்கள். பாட்டில் பட்ட மேடை, கரண்டி, தொட்டி எல்லாவற்றிலும் ஒரு பங்கு பிளீச்சுக்கு ஐந்து பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி 30 நிமிடம் ஊறவிட்டுத் துடையுங்கள். துடைத்த துணி, நார் இரண்டும் குப்பைக்கு.

யாராவது ஏற்கெனவே ருசி பார்த்திருந்தால் அடுத்த 10 நாள் கவனமாக இருங்கள். பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரத்தில் தெரியும், சில நேரம் தாமதமாகும். எதிரே நிற்பவர் இரண்டாகத் தெரிவார், இமை தொங்கும், வாய் உலரும், நாக்குக் குழறும், விழுங்கச் சிரமமாகும், பிறகு கை கால் தளரும். காய்ச்சல் இருக்காது, நினைவும் தெளிவாக இருக்கும். இதில் ஒன்று தென்பட்டாலும் வீட்டு வைத்தியம் பார்க்காமல் 108-ஐ அழைத்து, மூச்சுக்கருவி உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு, சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரிக்கோ மதுரை ராஜாஜிக்கோ போங்கள். "வீட்டில் பாட்டிலில் அடைத்த கறி சாப்பிட்டார்" என்று டாக்டரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் பக்கவாதம் என்று நினைத்து நேரம் போய்விடும்.

இனி, எங்கே தப்பு நடந்தது என்று பார்ப்போம்.

கொதிக்க வைத்தால் கிருமி செத்துவிடும், அதன் வித்து எளிதில் சாகாது. 1922-ல் கலிஃபோர்னியாவில் எஸ்டி, மேயர் என்ற இருவர் இதை அளந்தார்கள். கணக்கற்ற வித்துகளைக் கொல்ல 100 டிகிரி கொதிநீரில் 330 நிமிடம் ஆனது, 121 டிகிரியில் மூன்று நிமிடத்துக்கும் குறைவாகவே ஆனது. இன்றைக்கும் டப்பா உணவுத் தொழிற்சாலைகள் வைத்திருக்கும் குறைந்தபட்சக் கணக்கு இதிலிருந்து வந்ததுதான்: டப்பாவின் நடுவில், சூடு கடைசியாகப் போய்ச் சேரும் புள்ளியில், 121 டிகிரி 3 நிமிடம்.

"குக்கரும் 15 பவுண்டு அழுத்தம்தானே, 121 டிகிரிதானே" என்பீர்கள். குக்கருக்குள் இருக்கும் நீராவிக்கு அந்தச் சூடு உண்டு, பாட்டிலின் நடுவில் இருக்கும் கறிக்கு இல்லை. சுக்கா தண்ணியான குழம்பு இல்லை. வதங்கிய வெங்காயமும் மசாலாவும் எண்ணெயும் சேர்ந்து இறுகியிருக்கும், சூடு அதற்குள் நத்தை வேகத்தில்தான் போகும். எண்ணெய் சூழ்ந்த வித்துக்கு ஈரச்சூடு சரியாகப் படாது என்பது இன்னொரு சங்கடம். ஆவி நன்றாக வருவதற்கு முன்பே வெயிட்டைப் போட்டுவிட்டால் உள்ளே காற்றும் கலந்திருக்கும், அழுத்தம் இருக்கும், சூடு குறைவாக இருக்கும். நம் குக்கர் சின்னது, சுவர் மெல்லியது, சட்டென்று ஏறிச் சட்டென்று ஆறிவிடும். பாட்டில் பதப்படுத்தலில் ஏறும் நேரமும் ஆறும் நேரமும் கொல்லும் கணக்கில் சேரும், அது இங்கே கிடைப்பதில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு: எலும்புச் சாறிலோ தண்ணீரிலோ போட்ட வெறும் கறித்துண்டுக்கு, அரை லிட்டர் பாட்டிலுக்கு, அமெரிக்க வேளாண்மைத் துறை சொல்லும் நேரம் 75 நிமிடம். அதுவும் இதற்கென்றே செய்த பெரிய அழுத்தக் கலத்தில், 10 நிமிடம் ஆவியை வெளியே விட்டபின் வெயிட் போட்டு, 10 பவுண்டு அழுத்தத்தில், தானாக ஆறவிட்டு. அந்தத் துறை சாதாரண சமையல் குக்கரை இதற்குப் பயன்படுத்தவே சொல்வதில்லை. அரைத்த தேங்காயும் வெங்காய மசாலாவும் சேர்ந்த சுக்காவுக்கு அப்படிச் சோதித்த நேரம் எதுவும் கிடையாது. 20-ஐ 40 ஆக்கினாலும் 60 ஆக்கினாலும் அது ஊகம்தான். என் முடிவு நேரடியானது: சுக்கா, கோழி வறுவல், இறால் தொக்கு, பருப்பு, காளான், உருளை எதையும் வீட்டில் பாட்டிலில் அடைத்து வெளியில் வைக்காதீர்கள். இரண்டு ஸ்பூன் வினிகர், ஒரு சிட்டிகை சோடியம் பென்சோயேட் என்று வீடியோவில் சொல்வதும் உதவாது. பென்சோயேட் புளிப்பு உள்ள இடத்தில்தான் வேலை செய்யும், அங்கேயும் முக்கியமாகப் பூஞ்சணத்துக்கும் ஈஸ்ட்டுக்கும்தான். வாக்குவம் பேக்கிங் மெஷினும் அப்படியே. அது காற்றை மட்டும் எடுக்கிறது, இந்தக் கிருமி கேட்பதும் அதைத்தான்.

உங்கள் மாமியாரின் ஜாடிக்கு வருகிறேன். வீட்டின் இரண்டாம் கட்டில் வரிசையாக வேடு கட்டி வைத்திருந்தார்களே, அவற்றைக் காத்தது ஜாடியும் அல்ல, எண்ணெயும் அல்ல. மாங்காயின் புளிப்பும், கிலோவுக்கு 150 முதல் 200 கிராம் வரை போட்ட உப்பும், வெயிலும். புளிப்பை அளக்கும் பிஎச் எண் 4.6-க்குக் கீழே போனால் பாட்டுலினம் முளைக்காது. மாங்காயும் எலுமிச்சையும் நாரத்தையும் புளியும் அதற்கு வெகு கீழே. உப்பு தண்ணீரை இழுத்துக்கொள்ளும், வெயில் மிச்சத்தை எடுக்கும். மேலே நிற்கும் எண்ணெய் பூசணம் பூக்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான் அதன் வேலை. "எண்ணெய் மிதந்தால் எதுவும் கெடாது" என்ற பேச்சு புளிப்பும் உப்பும் உள்ளவற்றுக்குப் பொருந்தும். சுக்காவின் மேல் ஊற்றினால் அதே எண்ணெய் கிருமிக்குக் கதவடைத்துக் காவல் நிற்கும்.

ரத்த அழுத்தம் என்று உப்பைப் பாதியாக்கி ஊறுகாய் போடுகிறவர்கள் இப்போது நிறைய. அது தவறில்லை, ஆனால் அந்த ஊறுகாய் பிரிட்ஜுக்குப் போக வேண்டும். பழைய அளவு உப்பு தந்த ஆயுளைப் பாதி உப்பு தராது.

ஜாடி பற்றி இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய பீங்கான் ஜாடிகளை ஆசையாக வாங்கி வருகிறார்கள். அலங்காரத்துக்கு வையுங்கள். வயதும் பூர்வீகமும் தெரியாத பளபளப்புப் பூச்சில் ஈயம் இருக்கலாம், பூச்சு வெடித்திருந்தால் இன்னும் மோசம். புளிப்பு அதை மெல்ல உரித்து ஊறுகாய்க்குள் இறக்கும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் உள்ள வீட்டில் இதில் விளையாட வேண்டாம்.

பூண்டை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். மண்ணுக்குள் விளைவது, புளிப்பு அறவே இல்லாதது, நாமோ அதை எண்ணெயில் முக்கி வைக்கிறோம். 1985-ல் கனடாவின் வான்கூவரில் ஒரு உணவகத்தில், பிரிட்ஜில் வைக்காத எண்ணெய்ப் பூண்டால் 36 பேர் இந்த நஞ்சால் வரும் பாட்டுலிசம் என்ற நோயில் விழுந்தார்கள். எண்ணெயில் வதக்கிய பூண்டு பிரிட்ஜில் 4 நாள், அதற்கு மேல் என்றால் ஃப்ரீசர். வெளியில் வைக்கும் தொக்குதான் வேண்டும் என்றால் முதலில் பூண்டைப் புளிக்க வைக்க வேண்டும்: அரை லிட்டர் தண்ணீரில் 15 கிராம் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) கரைத்து, 165 கிராம் பூண்டை கால் அங்குலத்துக்கு மேல் போகாமல் நறுக்கி, மூழ்கும்படி குறைந்தது 24 மணி நேரம் ஊறவிட்டு, வடித்துப் பிறகு எண்ணெயில் சேருங்கள். முழுப் பல்லாகப் போட்டால் புளிப்பு நடுவுக்குப் போய்ச் சேராது. புளிக்கரைசல் தாராளமாக ஊற்றி வேகவைத்தால் போதாதா என்றால், போதலாம். ஆனால் புளிக்குப் புளி வேறுபடும், நாக்குக்குப் புளித்தால் பிஎச் இறங்கிவிட்டது என்று அர்த்தம் இல்லை, வெல்லமும் காரமும் நாக்கை ஏமாற்றும். அளந்துதான் பார்க்க வேண்டும்.

அளக்க நிறம் மாறும் காகிதம் வேண்டாம். மஞ்சளும் மிளகாயும் அதில் ஏறி எந்த நிறம் என்றே தெரியாது. கையடக்க டிஜிட்டல் பிஎச் மீட்டர் வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் பிஎச் 4, பிஎச் 7 கரைசல்கள் இரண்டிலும் சரிபார்த்துவிட்டு, தொக்கின் எண்ணெயை வடித்து, திடப்பகுதியைக் காய்ச்சிய சுத்தமான தண்ணீர் சிறிது விட்டு மையாக அரைத்து, அறைச் சூட்டில் அளவெடுங்கள். செய்த அன்றே அல்ல, துண்டுகளுக்குள் புளிப்பு ஊறிய பிறகு, இரண்டு மூன்று நாள் பிரிட்ஜில் வைத்துவிட்டு. 4.6 என்பது எல்லைக்கோடு. எல்லையில் நிற்காமல் 4.2 அல்லது அதற்குக் கீழே வருகிறதா என்று பாருங்கள். மீட்டர் முனையில் எண்ணெய் படிந்தால் எண் தாறுமாறாக வரும், சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள்.

வீட்டில் நம்பிக்கையாகப் பாட்டிலில் அடைக்கக்கூடியது தக்காளி. தொக்காக அல்ல, வெறும் தக்காளிக் கூழாக. திறந்த அன்று எண்ணெய், கடுகு, பூண்டு எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடத்தில் தொக்காக்கிக் கொள்ளலாம். தக்காளி எல்லைக்கோட்டில் நிற்கும் பழம். நாட்டுத் தக்காளி நன்றாகப் புளிக்கும், பெங்களூர்த் தக்காளி அவ்வளவு இல்லை, கனிய கனிய இன்னும் குறையும். அதனால் எந்தத் தக்காளியாக இருந்தாலும் அரை லிட்டர் பாட்டிலுக்கு கால் டீஸ்பூன் எலுமிச்சை உப்பு கட்டாயம். புளிப்பு தூக்கலாகத் தெரிந்தால் சமைக்கும்போது சிறிது சர்க்கரை போடுங்கள், எலுமிச்சை உப்பைக் குறைக்காதீர்கள்.

பாட்டில் இதற்கென்று விற்கும் தடித்த கண்ணாடியாக, தட்டை மூடியும் திருகு வளையமும் தனித்தனியாக உள்ளதாக இருக்கட்டும். தட்டை மூடியின் ரப்பர் பூச்சு ஒரு முறைக்குத்தான், வளையத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். காபித்தூள் பாட்டில் மூடியில் உள்ள அட்டை காற்றை அடைக்காது, கண்ணாடியும் மெல்லியது.

பழத்தைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டுத் தோலுரித்து, நறுக்கி மசித்து, 5 நிமிடம் கொதிக்கவிடுங்கள். தண்ணீர், வெங்காயம், எண்ணெய் சேர்க்கக் கூடாது. சூடான பாட்டிலில் எலுமிச்சை உப்பை முதலில் போட்டுக் கூழை ஊற்றுங்கள், மேலே அரை அங்குலம் இடம் விடுங்கள். நிரம்ப ஊற்றினால் கொதிக்கும்போது கூழ் பொங்கி மூடியின் ரப்பருக்கு அடியில் போய்விடும், பிறகு மூடி பிடிக்காது. மெல்லிய பிளாஸ்டிக் கரண்டியை ஓரத்தில் விட்டுக் காற்றுக் குமிழ்களை எடுத்து, வாய் விளிம்பை ஈரத்துணியால் துடைத்து, மூடி வைத்து வளையத்தை விரல் நுனி பலத்தில் மட்டும் திருகுங்கள். இறுக்கினால் உள்ளிருக்கும் காற்று வெளியேற வழியில்லை.

இட்லிப்பானை ஆழம் போதாது. பெரிய அண்டாவின் அடியில் கம்பித்தட்டு வைத்து, பாட்டில்களை நிற்க வைத்து, மூடிக்கு மேலே ஓர் அங்குலம் தண்ணீர் நிற்கட்டும். தளதளவென்று கொதி வந்தபின்தான் நேரம் தொடங்கும்: அரை லிட்டருக்கு 35 நிமிடம், ஒரு லிட்டருக்கு 45. இடையில் கொதி அடங்கினால் மறுபடி முதலிலிருந்து. செட்டிநாடு கடல்மட்டத்திலிருந்து அதிக உயரமில்லை என்பதால் இந்த நேரம் நமக்கு அப்படியே பொருந்தும். கொடைக்கானலில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அங்குள்ள உறவினர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிவிடாதீர்கள். அடுப்பை அணைத்து 5 நிமிடம் கழித்து, சாய்க்காமல் நேராகத் தூக்கி, மடித்த துண்டின் மேல் வையுங்கள். ஆத்தங்குடிக் கல் தரை குளிர்ந்திருக்கும், நேரே வைத்தால் பாட்டில் விரியும். மின்விசிறிக்கு அடியிலும் வேண்டாம். 12 மணி நேரமாவது தொடாதீர்கள், வளையத்தை மறுபடி இறுக்கவும் வேண்டாம். ஆறும்போது மூடி டிக்கென்று உள்ளே இழுக்கும். மறுநாள் நடுவில் அழுத்திப் பாருங்கள், அசையாமல் குழிந்திருந்தால் பிடித்துவிட்டது. மேலும் கீழும் ஆடினால் அந்தப் பாட்டில் பிரிட்ஜுக்கு. வளையத்தைக் கழற்றிவிட்டுத் தேதி எழுதி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள், ஓராண்டுக்குள் முடித்துவிடுங்கள்.

மகனுக்குச் சுக்கா போய்ச் சேர வேண்டுமே என்பீர்கள். வீட்டில் சமைத்த இறைச்சியை உள்ளே விடாத நாடுகள் பல, கொடுத்துவிடுவதற்கு முன் அந்த நாட்டு விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். என் யோசனை, மசாலாவை இங்கிருந்து அனுப்புங்கள். மிளகு, சோம்பு, சீரகம், வரமிளகாய், மல்லியை வறுத்து ஈரமில்லாமல் அரைத்த பொடியில் இந்தக் கிருமி வளராது. கறியை அவர் தேக்கா சந்தையில் வாங்கிக்கொள்ளட்டும். கூடவே சுண்டைக்காய் வத்தல், மோர்மிளகாய், பருப்புப்பொடி. இவை உலர்ந்தவை, பாட்டிலிலோ பையிலோ எப்படிக் கட்டினாலும் சரி. ஊருக்கு வரும்போது சாப்பிடச் செய்து வைப்பதென்றால் ஃப்ரீசர் போதும். சுக்காவை அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள், ஒரு வேளைக்கு ஆகும் அளவாகத் தட்டையாகப் பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் வையுங்கள். இரண்டு மூன்று மாதம் ருசி மாறாது. கரைப்பது பிரிட்ஜுக்குள், மேடை மேல் அல்ல.

விற்பதற்கு, தக்காளிக் கூழும் மாங்காய் ஊறுகாயும் தொடங்க நல்லவை. மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் பதிவு எடுத்து, லேபிளில் தேதியும் உட்பொருளும் போட்டு, ஒவ்வொரு ஈட்டிலும் பிஎச் எண்ணை நோட்டில் குறித்து வையுங்கள். பாட்டில் சுக்காதான் விற்க வேண்டும் என்றால் அது அடுப்படியில் முடியாது, அழுத்த நீராவியில் பதப்படுத்தும் ரிட்டார்ட் என்னும் எந்திரம் வேண்டும். பாட்டிலின் நடுவில் சூடுமானி வைத்து, உங்கள் சுக்காவுக்கென்றே நேரம் கண்டுபிடிக்க வேண்டும். தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்திலும் மைசூரு சிஎஃப்டிஆர்ஐ என்னும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்திலும் இதில் தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். தஞ்சாவூர் உங்களுக்குக் கிட்ட. செய்முறையை கிராம் கணக்கில் எழுதி, எண்ணெய் எவ்வளவு, துண்டு எந்த அளவு என்பது வரை குறித்து எடுத்துப் போங்கள். துண்டின் அளவு மாறினால் நேரமும் மாறும் என்பதால் அவர்கள் முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும்.